சம்பந்தி உள்ளே இருக்கிறார்

காலை பத்து இருபதுக்கு டயர் வெடித்தது. அந்த நேரத்தில் நான் காரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் இன்னும் ஐந்து மணிகூட ஆகியிருக்காது, என் கணவர் போர்வைக்குள்தான் இருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் மறக்கவில்லை.

பின்னாலிருந்து பெரிய சத்தம். அதற்குப் பிறகுதான் பயமே. நாங்கள் இழுத்துக்கொண்டு போன கேரவன் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. அது ஆட, கார் ஆடியது. மாப்பிள்ளை குகன் பிரேக்கைத் தொடாமல் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகத்தைத் தானாகக் குறையவிட்டார். என் மகள் நித்யா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டில் இருந்த சம்பந்தி மட்டும் திரும்பிப் பார்க்காமல், "பயப்பிடாதேங்கோ, டயர்தான்" என்றார்.

மெல்பனிலிருந்து சிட்னிக்குப் போகும் நெடுஞ்சாலை அது. யூரோவா என்ற சிற்றூரைத் தாண்டியிருந்தோம். இரண்டு பக்கமும் காய்ந்த புல், தூரத்தில் ஆடுகள், மரத்துக்கு மரம் அரை மைல். இங்கே ஜனவரிதான் கோடை; கொளுத்தும் வெயில். வண்டி சாலையோரச் சரளையில் ஏறி நின்றபோது என் புளியோதரைப் பாத்திரம் மடியிலிருந்து காலடிக்குப் போயிருந்தது.

திருச்சி மதுரை ரோட்டில் இப்படி நடந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் கூடியிருப்பார்கள். ஒருவர் டயரை உதைத்துப் பார்ப்பார், ஒருவர் தன் மச்சான் கடைக்குப் போன் போடுவார், ஒருவர் டீ வாங்கி வருவார். இங்கே யாரும் இல்லை. லாரிகள் மட்டும், ரயில் போல நீளமானவை, எங்களைக் கடக்கும்போதெல்லாம் காற்றால் அறைந்துவிட்டுப் போயின.

*

இந்தப் பயணமே குகனின் தங்கை குழந்தைக்காகத்தான். சிட்னியில் பிரசவம் ஆகியிருந்தது. மறுநாள் காலை முப்பத்தோராம் நாள் சடங்கு. ஐயர் ஒன்பது மணிக்கு வருகிறார், அப்பப்பாவோ அம்மப்பாவோ, இரண்டு தாத்தாக்களில் ஒருவர் மடியில் குழந்தை இருக்க வேண்டும். அப்பப்பா இப்போது இல்லை. ஆகவே என் சம்பந்தி சிட்னிக்குப் போயே ஆக வேண்டும். போன வருஷம் அறுவை சிகிச்சை செய்த முழங்காலை விமானத்தில் நீட்ட முடியாது, ஹோட்டல் சாப்பாடு ஒத்துவராது என்று அவர் சொல்லிவிட்டார். குகன் தன் நண்பரிடம் கேரவனை இரவல் வாங்கினார். கட்டில், சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒற்றை அச்சு, இரண்டு சக்கர வண்டி. நடுவழியில் நிறுத்தி அவர் படுத்துக்கொள்ளலாம், வீட்டுச் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்ளலாம்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். டாண்டினோங்கில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெல்பன் புறநகரான நோபல் பார்க்கில் மனைவியோடு இருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவரிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது, கேட்கத்தான் முடியும். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் அவரிடம் நேராகப் பேசியது "சாப்பிட்டீங்களா?", "போயிட்டு வாங்க" இவ்வளவுதான். மற்றதெல்லாம் நித்யா வழியாக. மாப்பிள்ளையின் அப்பா. எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம்.

புதன்கிழமை டார்னெய்ட்டில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வாகனச் சாமான் கடைக்கு ஜாக்கி வாங்கப் போனோம். ஜாக்கியில் இத்தனை வகை உண்டு என்று அன்றுதான் பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். திரவ அழுத்தத்தைப் போர்டில் படம் போட்டு வருஷாவருஷம் விளக்குகிறவள். ஆனால் அந்த அலமாரி முன்னால் முதல் வகுப்புப் பிள்ளை போல நின்றேன்.

மூக்குத்தி போட்ட ஓர் இளம்பெண் கடையிலிருந்து வந்து குகனிடம் கேட்டாள். வண்டி எவ்வளவு எடை? தண்ணீர்த் தொட்டியெல்லாம் நிரப்பிய பிறகு எவ்வளவு? டயர் காற்றில்லாமல் படுத்துவிட்டால் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு உயரம் மிஞ்சும்? கடைசியாக, "எந்தத் தரையில் நிறுத்துவீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது, இல்லையா? அப்படியானால் பாதம் அகலமானதாக எடுங்கள்" என்றாள். காரோடு வரும் கத்தரி ஜாக்கி காருக்குத்தான். மூலையில் இருக்கும் மடக்குக் கால்கள் ஆடாமல் நிற்க உதவும். அவற்றால் வண்டியைத் தூக்கக் கூடாது. பாட்டில் ஜாக்கி நிறையத் தூக்கும், ஆனால் அதன் பாதம் உள்ளங்கை அளவுதான், சரளையில் புதைந்துவிடும், அடியில் தடித்த பலகை வைக்க வேண்டும். குகன் அகலப் பாதம் கொண்ட ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது அவர் போன் அடித்தது; சம்பந்திதான். ஒலிபெருக்கியில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஜாக் வாங்கவோ போயிருக்கிறியள்? என்னத்துக்கு? என்னட்ட இருக்கு. தொழிற்சாலை பூட்டேக்க வாங்கினது. ஆறு தொன் தூக்கும்."

"ஓம் அப்பா. ஆனா இது கரவனுக்கெண்டே..."

"லொறியையே தூக்கும், உன்ர பெட்டியைத் தூக்காதோ?"

குகன் கையில் இருந்ததை அலமாரியில் வைத்தார்.

"வாங்கி ஒளிச்சு வச்சுக்கலாமே, குகன்" என்றாள் நித்யா.

"அவர் பாத்தா? பிறகு சிட்னி போய்ச் சேரும் வரைக்கும் என்னோட ஒரு கதையும் இருக்காது. பத்து மணித்தியாலம், முன் சீட்."

மூக்குத்திப் பெண் சிரித்தாள். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். நான் அடுத்த அலமாரியைப் பார்க்கத் திரும்பினேன். மாமியார் எதற்கு நடுவில்?

*

சனிக்கிழமை காலையிலேயே நோபல் பார்க்கில் அவரை ஏற்றிக்கொண்டோம். செய்தித்தாளில் சுற்றிய பாட்டில் ஜாக்கியை அவரே கையில் கொண்டுவந்து கேரவனுக்குள் வைத்தார். சம்பந்தியம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டியூட்டி, அதனால் சடங்குக்கு வரவில்லை. சீருடையிலேயே வாசலில் நின்று, இடியப்பம், சொதி, கட்டாச் சம்பல், மீன் கட்லட் என்று ஒவ்வொரு டப்பாவாக என் கையில் கொடுத்தார். கடைசி டப்பாவைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "இந்த மனுசன் ஒரு இடத்தில இருக்காது, சம்மந்தி. வாயைத் திறந்து சொல்லுங்கோ, பயப்பிடாதேங்கோ" என்றார். நான் சிரித்துத் தலையாட்டினேன்.

முதல் இரண்டு மணி நேரம் இனிமையாகத்தான் போனது. ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இறைச்சி அடைத்த 'பை' என்ற பலகாரம் சூடாக இருந்தது. நான் சைவம், ஆகவே ஒரு காபி மட்டும். காபி அருமை, ஆனால் குடித்து முடிக்க ஒரு தனிப் பயணம் வேண்டும், அவ்வளவு பெரிய கோப்பை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம், "அந்த நீலக் கேரவன் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து போகிறதே, கவனித்தாயா?" என்றார். நீலக் கேரவன் எங்களுடையது. நித்யாவிடம் சொன்னேன். அவள் குகனிடம் சொன்னாள். குகன் பின்பக்கம் போய்ப் பார்த்தார். நானும் சம்பந்தியம்மாவும் கட்டிக் கொடுத்த சாப்பாடு, அரிசி மூட்டை, குழந்தைக்கு எடுத்துப் போன வெண்கலப் பாத்திரங்கள் எல்லாம் பின்னால்தான் இருந்தன.

"சிட்னியில இறக்கிப் போடலாம்" என்றார் சம்பந்தி.

அரை மணி நேரத்தில் டயர் வெடித்தது.

*

சாலை உதவி நிறுவனத்துக்குப் போன் போட்டோம். காருக்குத்தான் சந்தா, இழுத்து வருவதற்குக் கிடையாது, ஆள் அனுப்புகிறோம், மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

"மூண்டு மணித்தியாலமோ? பிறகு சிட்னிக்கு எப்ப போறது? நீயே மாத்து" என்றார் சம்பந்தி. பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு, "நான் கொஞ்சம் காலை நீட்டுறன்" என்று கேரவனுக்குள் ஏறிப் படுத்துவிட்டார்.

வெடித்தது இடது சக்கரம்; சாலையை ஒட்டாத பக்கம். அதுவரை நல்லது. காரையும் கேரவனையும் பிரிக்கவில்லை. இரண்டுக்கும் கைப்பிரேக் போட்டோம். நல்ல சக்கரத்துக்கு முன்னும் பின்னும் பெரிய கல் வைத்தோம். நித்யா போனில் தேடி உரக்கப் படித்தாள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியைச் சட்டத்தின் அடியில் அச்சுக்கு அருகில் வையுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்தின் கீழே படுக்க வையுங்கள், ஜாக்கி சரிந்தால் அது தாங்கும். பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"தூக்கும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது."

மூன்று பேரும் கேரவனின் கதவைப் பார்த்தோம்.

"குகன், மாமாவை இறங்கச் சொல்லுங்க."

"இந்த வெயிலுக்கையோ? அவர் இப்பதான் படுத்தவர். ஒராள்தானே நித்யா, எழுபது கிலோ. வண்டி ஒண்டரைத் தொன்."

"ஒருத்தர்னாலும் அசைவார் இல்ல?"

"படுத்திருக்கிற மனுசன் எங்க அசையப்போறார்?" என்றார் குகன். பிறகு, "போன வருசம் ஆஸ்பத்திரியில வேற கதிரையில மாறி இருங்கோ அப்பா எண்டு சொன்னதுக்கு மூண்டு நாள் என்னோட கதைக்கேல்ல. நான் சொல்லமாட்டன்."

நித்யா என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ சொல்லு."

"நானா? சம்பந்தியையா?"

"நீ சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டார். அவருக்கு உன் மேல மரியாதை."

மரியாதை இருப்பதால்தானே சொல்ல முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே படியில் ஏறினேன். அவர் நீளிருக்கையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"என்னம்மா, தண்ணி ஏதும் வேணுமோ?"

வெளியே காத்திருந்த மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேறு வாக்கியம் தேவைப்பட்டது. நான் சொன்னது: "ஒண்ணுமில்லைங்க. ஃபேன் போடட்டுமா?"

ஃபேனைப் போட்டுவிட்டு இறங்கினேன். நித்யா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது.

*

ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை இல்லை. சமையல் மேடையிலிருந்து காய் நறுக்கும் பலகையை எடுத்து வந்தேன். குகன் அதைச் சரளையில் அழுத்தி வைத்து, அதன் மேல் ஜாக்கியை நிறுத்திக் கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வோர் அடிக்கும் வண்டி நெல்மணி அளவு ஏறியது. நான் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றி, பிடிக்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளங்கை அளவு பாதம், அதன் மேல் ஒன்றரை டன், உயரே ஒரு பெட்டி, அதற்குள் ஒருவர். இந்தப் படத்தை நான் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். எது விழும், எது விழாது என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

சக்கரம் கழன்றது. அதை நித்யா சொன்னபடி சட்டத்தின் அடியில் படுக்க வைத்தோம். குகன் மாற்றுச் சக்கரத்தை உருட்டி வந்தார். அதை மாட்டும் நேரத்தில் ஒரு நட்டு அவர் கையிலிருந்து நழுவி வண்டிக்கடியில் உருண்டது. அவர் குனிந்து, படுத்து, இடது கையை உள்ளே நீட்டினார்.

உள்ளே சம்பந்தி எழுந்தார்.

அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், தேத்தண்ணி போட்டுக் கொடுப்போம் என்று நினைத்திருக்கிறார். அடுப்பு பின்பக்கம் இருந்தது. இரண்டு எட்டு வைத்தார். வண்டி லேசாகக் குலுங்கியது. பலகை பிளக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. காய்ந்த கொம்பு முறிவது போல. ஜாக்கி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கேரவன் முழுவதும் எங்கள் பக்கமாக இறங்கியது.

குகன் கத்தினார். கத்திவிட்டு உடனே, "நிக்குது, நிக்குது, டயரில நிக்குது" என்றார்.

கீழே படுக்க வைத்த சக்கரம் தாங்கியிருந்தது. ஆனால் அவர் முன்கை சட்டத்துக்கும் அந்த டயருக்கும் நடுவில் இருந்தது. வெடித்த டயர் என்பதால் ரப்பர் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. அந்தக் கொஞ்சம்தான் அவர் கைக்கு இடம்.

"விரல் அசையுது. எனக்கு விரல் அசையுது, நித்யா" என்றார் குகன். முகம் சாம்பலாகியிருந்தது.

உள்ளேயிருந்து, "என்ன நடந்தது? தம்பி! இந்தா வாறன்" என்று குரல் கேட்டது. அவர் காலடி. வண்டி அசைந்தது. குகன் பல்லைக் கடித்து முனகினார்.

நான் ஓடிப்போய்க் கதவை வெளியிலிருந்து இரண்டு உள்ளங்கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"நில்லுங்க! அசையாதீங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க!"

உள்ளே காலடி நின்றது. அந்தக் குரல் என்னுடையது என்பதே எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பு கடைசி பெஞ்சுக்குப் போடும் சத்தம் அது.

"பெடியன்..." என்றார் அவர்.

"உங்க மகன் கை வண்டிக்கடியில இருக்கு. நீங்க நகர்ந்தா அவர் கை நசுங்கும். எங்கே நிக்கிறீங்க?"

"அடுப்படியில."

"அடுப்பு எரியுதா?"

"ஓம்."

"காலை நகர்த்தாம அணைக்க முடியுமா?"

ஒரு சொடுக்குச் சத்தம். "அணைச்சிட்டன்."

"அப்படியே நில்லுங்க."

நித்யா அவசர எண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் இடம், சாலை, கடைசியாகப் பார்த்த ஊர்ப் பெயர்ப் பலகை, எல்லாம் சரியாகச் சொன்னாள். முடித்துவிட்டுச் சரளையில் படுத்து குகனின் தலையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். காரில் இருக்கும் கத்தரி ஜாக்கியால் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள். பிளந்த பலகையையும் சாய்ந்து நின்ற ஜாக்கியையும் பார்த்தேன். வேண்டாம் என்றேன். இப்போது எல்லாம் எதன் மேலேயோ நின்றுகொண்டிருக்கிறது. எதன் மேல் என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது. அவள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, சரி என்றாள்.

பிறகு ஒரு லாரி. காற்று கேரவனை அறைந்தது. குகன் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த லாரி தூரத்தில் வருவது தெரிந்தது.

அப்போதுதான் இன்னொரு கேரவன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. வெள்ளை முடி, அரைக்கால் சட்டை, எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறங்கினார். ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்தார். "யாரும் எதையும் தொடாதீர்கள்" என்றார். திரும்பிப் போய் எல்லா விளக்கையும் மின்ன விட்டு, மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நூறடி பின்னால் போய் நின்று, வரும் லாரிகளை வலப்புறத் தடத்துக்கு வீசி விரட்ட ஆரம்பித்தார். கெட்ட வார்த்தை என்று எனக்கே தெரிந்த சில சொற்களும் காற்றில் வந்தன. லாரிகள் விலகின. அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

*

நான் ஜன்னல் பக்கம் போனேன். சாய்வாகத் திறந்திருந்த கண்ணாடி வழியே சம்பந்தியின் பாதி முகம் தெரிந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலது காலில் எடை போட்டு நின்றார். இடது முழங்கால்தான் அறுவை சிகிச்சை செய்தது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"இருக்கட்டோ, அம்மா?" என்றார்.

உட்கார இரண்டடி தள்ளி நீளிருக்கை. இரண்டு அடி.

"இல்லை. நில்லுங்க."

"முழங்கால் இழுக்குது."

"தெரியுது. நில்லுங்க."

கீழேயிருந்து குகன் மெல்ல, "அப்பா, உங்கட ஜாக் ஆறு தொன் தூக்கும் எண்டியள்" என்றார்.

"தூக்கினது தானேடா" என்றார் சம்பந்தி.

ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். எட்டவில்லை. குழாயைத் திறந்து முகத்தில் அடித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு கையால் மட்டும், மற்றக் கையை எடுக்காமல். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் அவர் என் முகத்தைப் பார்த்தார். பேச்சு நின்றால் மயங்கிவிடுவாரோ என்று பயந்து ஏதேதோ கேட்டேன். அந்தத் தொழிற்சாலையில் என்ன செய்தீர்கள்? கதவுக்கு ரப்பர் பட்டி ஒட்டினேன் என்றார். சிட்னிக் குழந்தைக்கு என்ன பெயர்? இன்னும் வைக்கவில்லை, நாளைக்குத்தான் என்றார். நாலு வருஷத்தில் பேசாததை எல்லாம் அந்த ஜன்னலில் பேசினோம். கீழே என் மகள், "விரலை அசைங்க, குகன். இன்னொரு தடவை. கண்ணைத் திறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு சமயம் குகன் பதில் சொல்லவில்லை. சம்பந்தியின் கண் என்னைப் பிடித்துக்கொண்டது. பிறகு, "அசைக்கிறன், அசைக்கிறன்" என்று கேட்டது.

சிவப்புத் தீயணைப்பு வண்டி வந்தபோது எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள். ஒருவர் சட்டையில் மாவு ஒட்டியிருந்தது, பேக்கரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். அவர்கள் ஓடவில்லை. முதலில் கல்லைப் பார்த்தார்கள், சாலையைப் பார்த்தார்கள், ஜன்னலில் சம்பந்தியைப் பார்த்தார்கள். தலைவர் போலிருந்த பெண் என்னிடம், "அவர் அங்கேயே இருக்கட்டும். உங்கள் பேச்சைக் கேட்கிறாரா?" என்றார். கேட்கிறார் என்றேன். "அப்படியானால் நீங்கள் இங்கேயே நில்லுங்கள்."

தடித்த மரக்கட்டைகளைச் சட்டத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார்கள். ஒரு ரப்பர்ப் பையைத் தட்டையாக உள்ளே நுழைத்துக் காற்று ஏற்றினார்கள். விரல் அகலம் ஏறியதும் நிறுத்தி ஒரு கட்டை சொருகினார்கள். மறுபடி விரல் அகலம், மறுபடி கட்டை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். "கை" என்றார் மாவுச் சட்டைக்காரர். நித்யா குகனைத் தோளோடு பிடித்து இழுத்தாள். கை வந்தது. ஊதா நிறத்தில், டயரின் வரிகள் அச்சாகப் பதிந்து. ஐந்து விரலும் இருந்தன, ஐந்தும் அசைந்தன.

கட்டை அடுக்கி முடிந்ததும் சம்பந்தியை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். அவர் மகனின் கையைப் பார்த்தார். தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். குகன்தான் நல்ல கையால் அவர் தோளைத் தட்டினார்.

எலும்பில் விரிசல் இருக்கலாம், படம் எடுக்க வேண்டும் என்று பின்னாலேயே வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னார்கள். குகனும் நித்யாவும் அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வண்டிக்குக் காவலாக நாங்கள் இருவரும் தங்கினோம். மஞ்சள் துண்டு அம்மாள் இரண்டு மடக்கு நாற்காலியை ஒரு மர நிழலில் விரித்துக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனார். ஒரு நாற்காலியைக் காட்டி, "இங்கே உட்காருங்க. எழுந்திருக்க வேண்டாம்" என்றேன் சம்பந்தியிடம். உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நித்யா போன் செய்தாள். சின்ன விரிசல்தான், கட்டுப் போட்டால் போதும். சிட்னிக்கு அவளே சொல்லிவிட்டாளாம். சடங்கைத் தள்ளி வைக்கிறார்கள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். நான் சம்பந்தியிடம் ஒவ்வொரு சொல்லாக அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார். இடியப்பமும் சொதியும் எடுத்துக் கொடுத்தேன். பிசைந்தார், சாப்பிடவில்லை. நிழல் நகர்ந்து வெயில் அவர் காலுக்கு வந்தது, பிறகு மடிக்கு வந்தது. அவர் நாற்காலியை நகர்த்தவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. என் கண் அந்தக் கட்டைகளின் மேலேயே இருந்தது.

சாலை உதவி ஆள் இன்னும் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் சரளையில் ஏறி நின்றது. சம்பந்தியம்மா, அதே சீருடையில், நித்யா போனில் சொன்னதும் பாதி டியூட்டியில் கிளம்பித் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வழியிலேயே குகனோடு பேசிவிட்டார், எல்லாம் தெரியும். கட்டைகளின் மேல் நின்ற கேரவனைப் பார்த்தார். வெயிலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார்.

"என்னப்பா, வெயிலுக்கை இருக்கிறியள்? நிழல் அங்கால போயிட்டுதெல்லே? ஆர் இப்பிடி இருத்தினது?"

அவர் என் பக்கம் பார்த்தார்.

சம்பந்தியம்மா என்னிடம் வந்தார். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சொன்னாக் கேக்குதெல்லே மனுசன்" என்றார். "முதலே சொல்லியிருக்கலாம், சம்மந்தி."